அதிதியைப் போற்றுதல்



இல்வாழ்வார்க்கு நம் முன்னோர் விதித்த அறங்களுள் அதிதி பூசை தலைசிறந்ததாம். அதிதி என்னுஞ் சொல்லுக்குத் திதி குறியாது வருபவர் என்று பெரியோர் பொருள் கூறுவர். விருந்து என்னுந் தமிழ்ச் சொல்லும் புதுமை என்னும் பொருளதே. நாள் குறித்து, ஓலை விடுத்து, உற்றாரையும் உத்தியோகத்தரையும் அழைத்து இலை விரிப்பது நல்ல வழக்கமேயாயினும், அது கொடுக்கல் வாங்கலின்பாற் படும். இன்று நம் வீட்டில் உண்டவர் வீட்டில் நாளை நாம் உண்போம். முன்பின் அறியாதவராய், நம்மொழி பேசாதவராய், விடிந்ததும் போய்விடுபவராய், கைம்மாறு செய்ய இயலாதவராய் வருவோர்க்கு இடுவதே மெய்யான விருந்து. இவ்வுண்மையை நம் புராணங்கள் மாத்திரமன்றி, துவிசக்கர வண்டியில் நெடுந்தூரம் யாத்திரை செய்தோர் வரலாறுகளும் வலியுறுத்துமாற்றை ஈண்டு எடுத்துக் காட்டுவாம்.

மோட்டார் வண்டியிற் செல்வோர் கண்ணாடியை உயர்த்திக்கொண்டு ஓர் ஊரைக் கடந்துவிடலாம். துவிசக்கர வண்டியை மிதிப்பவனோ வெயிலையும் மழையையும் உடம்பாற் சுமப்பவன். பல நாளைய உணவைச் சுமக்க மாட்டாதவன். முள்ளொன்று தைத்தால் தெருவில் இறங்கி நிற்பவன். பொழுது சாயும்போது எவ்வூரில் நிற்கின்றானோ அவ்வூரே அவனுக்குக் கதி. ஆதலின், தான் அறியாமலே, செல்லுமிடந்தோறும் அவ்வூராரது அறத்தை உரைத்துப் பார்க்குங் கட்டளைக்கல்லாகின்றான்.

ஆங்கில நாட்டிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய தோமஸ் ஸ்டீவன்ஸ் என்பவர் 1884ஆம் ஆண்டு ஏப்ரல் 22ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோ நகரினின்றும் புறப்பட்டு, 1886 டிசெம்பர் 17ஆந் திகதி யப்பானிலுள்ள யோக்கோகாமாவை அடைந்தார். துவிசக்கர வண்டியில் உலகைச் சுற்றிய முதல்வர் அவரே. வண்டியில் அவர் கடந்த தூரம் ஏறத்தாழ 13,500 மைல். அவ்வண்டி 50 அங்குல முன்சில்லும் மிகச் சிறிய பின்சில்லும் உடைய பழைய வகையினது. மாற்றுச் சட்டை, காலுறை, மழைக்கோட்டு, கைத்துப்பாக்கி என்பனவே அவர்தம் மூட்டை. துருக்கி நாட்டுச் சிற்றூர்களில் மக்கள் திரண்டு, வண்டியில் ஏறிக் காட்டுக என்று விடாது வற்புறுத்தி அவரை அலுப்பித்ததுமுண்டு. ஆயினும் அவருக்கு அப்பமுந் தயிரும் அளித்துப் படுக்க இடங்கொடுத்தவர்களும் அச்சிற்றூர் மக்களே. சீன தேசத்து நகரொன்றில் ஒரு கூட்டம் அவரைக் கல்லெறிந்து துரத்தியபோது, அவரை உட்புகுத்திக் காத்தவர் அந்நகரத்து அதிகாரிகளே. அவரைப் பசியினின்றுங் காத்தது துப்பாக்கியன்று. அறியாதார் நெஞ்சிலிருந்த ஈரமே.

அவர் தமக்கு உதவிய நாட்டாரைத் தம் நூலிற் சிலவிடத்து எள்ளியும் எழுதியிருக்கின்றார். அதனால் இட்டவர் புண்ணியங் குறையுமோ? குறையாது. நன்றி மறத்தல் உண்டவன் குற்றம்; இட்டது இட்டவன் அறம். விருந்தினன் தகுதியை அளந்து சோறிட முற்படுவோன் ஒருநாளும் சோறிடமாட்டான் என்பது துணிபு.

அயர்லாந்து தேசத்து லிஸ்மோர் என்னும் ஊரினராகிய டேர்வ்லா மர்பி அம்மையார், தமது பத்தாம் பிறந்தநாளிலே பழைய துவிசக்கர வண்டியொன்றும் உலகப்படப் புத்தகமொன்றும் பெற்று, இந்தியாவுக்கு வண்டியிற் செல்வதென்று அப்பொழுதே சங்கற்பஞ் செய்தார். நோயுற்ற தாயாரைப் பல்லாண்டு பேணி, அவர் 1962இற் காலமான பின்னரே, 1963 யனவரியிற் கடும்பனிக்கிடையே புறப்பட்டு, துருக்கி, பாரசீகம், ஆப்கானித்தானம், பாக்கித்தான் வழியாக யூலை மாதம் டெல்லியை அடைந்தார். ஆப்கானித்தானத்திலே பேருந்தொன்றில் மூண்ட சண்டையில் துப்பாக்கிக் கட்டை தவறிப் பட்டு அவர்தம் விலாவெலும்புகள் முறிந்தன. வேறொருவராயின் அந்நாட்டையே வெறுத்திருப்பர். அம்மையாரோ அந்நாட்டார்மீது தாங் கொண்ட பித்தைக் குறித்தற்குத் தனிச்சொல்லொன்றே புனைந்தார். வழிநெடுக அவர் பெற்ற அன்பு அவரிடத்தே தேங்கி நின்றுவிடவுமில்லை. யாத்திரை முடிந்ததும் இந்தியாவிலே திபெத்து அகதிக் குழந்தைகளுக்குத் தொண்டு செய்யலாயினார். 2022இல் அவர் காலமாயினார்.

இவர்களுக்கு இடமளித்தோர் பெரும்பாலும் எளியோர், நம் சமயத்தவருமல்லர். துருக்கி மொழியிலே, அழையாது வந்த விருந்தினரை இறைவனுடைய விருந்தினர் என்றே வழங்குவர். எப்பெயரால் வழிபடினும் அவ்வழிபாட்டை ஏற்றருள்பவன் சிவபெருமானே என்பது சிவஞானசித்தியார் காட்டும் நெறி. அங்ஙனமாயின், அந்த ஏழை உழவன் தன் இறைவன் பெயரால் வழிப்போக்கனுக்கு இட்ட அப்பத்தை ஏற்றவன் யார்? சிந்திக்க.

நாயன்மார் உபசரித்தது சிவனடியாரையன்றோ, யாரோ ஒரு வழிப்போக்கனை உபசரித்தல் எங்ஙனஞ் சிவபுண்ணியமாகும் என்று சிலர் வினாவலாம். திங்களூரில் அப்பூதியடிகள் தாங் கண்ணாலுங் கண்டறியாத திருநாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தர் அமைத்தார். அப்பந்தரில் நீரருந்தியோர் வழியே சென்ற யாவருமாவர். அவ்வழியே ஒருநாள் அறிமுகமில்லாத ஒருவராய் அந்நாவுக்கரசரே எழுந்தருளினார். பந்தரின் நிழல் எல்லார்க்கும் பொதுவாயிருந்தமையாலன்றோ அவரும் அங்கே தங்கியருளினார்? நள்ளிரவு மழையில் நனைந்து வந்த அடியாருக்காக அன்று விதைத்த நெல்லை வாரிக்கொணர்ந்த இளையான்குடிமாற நாயனாரும், வந்தவர் இன்னாரென்று அறிந்தா கதவு திறந்தார்? அன்றியும், அட்டமூர்த்தியாகிய பெருமானுக்கு உயிரும் ஒரு வடிவமாம். அவனை நினையாது செய்யும் நன்மை பசுபுண்ணியமாய் நின்றுவிடும். அவனை நினைந்து செய்யின் அதுவே சிவபுண்ணியமாம்.

இவ்வறம் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. வீட்டு வாயிலிற் கூரை வேய்ந்த சங்கடப்படலை வழிப்போக்கர் மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கும் நிழலாயிருந்தது. கருவோடிறந்த பெண்களின் நினைவாகச் சுமைதாங்கிகளை நாட்டினர் நம் முன்னோர். பருத்தித்துறையில் தெருவையே மூடிக் கட்டிய தெருமூடிமடத்தின் திண்ணைகள், அங்கே தங்குவோரை ஊரும் பேரும் வினாவியதில்லை.

பிறர் வாயிலில் அந்நியராய் நின்ற நாளும் நமக்குண்டு. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள், துவிசக்கர வண்டிகளிற் குழந்தைகளையும் மூட்டைகளையும் ஏற்றி, மழையிற் கைகளால் உருட்டிக்கொண்டு வெளியேறினர். தென்மராட்சியிலும் வன்னியிலும் முன்பின் அறியாதார் முற்றங்களும் திண்ணைகளுமே அன்று பலர்க்குப் புகலிடமாயின. அன்று ஒரு குடம் நீரை எடுத்து நீட்டிய கைகளுக்கு நாம் யாது கைம்மாறு செய்தோம்? அக்கடனை அவர்களுக்கே திருப்பிக் கொடுத்தல் பெரும்பாலும் இயலாது. இனி நம் வாயிலுக்கு வருபவருக்குக் கொடுத்தே தீர்த்தல் வேண்டும்.

இன்றோ பல வீடுகளிற் சங்கடப்படலை நின்றவிடத்தில் இரும்புக் கதவு நிற்கின்றது. அச்சத்துக்குக் காரணமில்லையென்று நாங் கூறோம். வேடத்தை நம்பிய மெய்ப்பொருள் நாயனார் உயிர் நீத்ததையும் நாம் ஓதுகின்றோம். எல்லாரும் அந்நாயனாராதல் அரிது. அறையைத் திறந்துவிட அஞ்சுவோர் படலையளவிலாவது அறஞ் செய்யலாம். வியர்த்து வரும் யாத்திரிகனுக்கு ஒரு செம்பு தண்ணீர், பொழுதுபட்டால் ஒரு விளக்கு, சில்லுக்குக் காற்றடிக்க ஒரு பம்பு, கோயில் மடத்துக்கு வழிகாட்ட ஒரு பிள்ளை: இவற்றுக்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. வேற்று நாட்டாரைக் கண்டால் இரட்டை விலை கூறுதலையும் எள்ளி நகைத்தலையும் பிள்ளைகள் பழகாதவாறு தடுத்தல் தாய்தந்தையர் கடன்.

கதிர்காமத்துக்கு நடந்து செல்லும் அடியாரைக் கண்டாற் கைகூப்பி அமுதளிக்கின்றோம். அது நம் பெருமை. நீறும் காவியும் இல்லாது, புழுதி படிந்த வண்டியொன்றோடு அந்திப்பொழுதில் ஒருவன் வந்து நிற்கும்போதும் அக்கை கூம்புமாயின், நாம் கற்ற சைவம் நூலளவில் நில்லாது வாயிலளவும் வந்ததாகும். அங்ஙனம் வாயில் திறக்கும் நெஞ்சினை நம் யாவர்க்கும் திருவருள் கூட்டுவதாக.

திருச்சிற்றம்பலம்.