நானும் சிரிச்சேன் மேடம்

“எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன் மேடம்.” நேர்முகத் தேர்வுக்குப் போய்வந்த என் மாணவி சொன்னது இது. படிப்பை எப்போது முடித்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். ‘ஐ பாஸ்டு அவுட்’ என்று தொடங்கி ஆண்டைச் சொல்லியிருக்கிறாள். மயக்கம் எப்போது தெளிந்தது என்று மேசைக்கு அந்தப் பக்கமிருந்து ஒருவர் கேட்டாராம்.

கேலி செய்தவர் யார், வேலை கிடைத்ததா என்பதெல்லாம் எனக்குள் தங்கவில்லை. அவளும் சிரித்தாள் என்பதுதான் தங்கிவிட்டது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே, பெரியவர்கள் சிரிக்கும்போது சும்மா இருந்தால் மரியாதையாக இருக்காது என்று சிரித்திருக்கிறாள்.

அகராதியில் பாஸ் அவுட் என்றால் மயங்கி விழுவது. சரிதான். ஆனால் அதே இடத்தில் இன்னொரு பொருளும் இருக்கிறது: பயிற்சியை, குறிப்பாகப் படைப் பயிற்சியை, முடித்து வெளியேறுவது. இது பிரிட்டிஷ்காரர்களின் வழக்கு. பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையத்தில் நடக்கும் நிறைவு அணிவகுப்புக்குப் பெயரே பாசிங் அவுட் பரேட். அங்கே யாரும் மயக்கத்தைப் பற்றிக் கேட்பதில்லை. கல்லூரி முடிப்பதற்கு நாம் சொல்வதும் அந்த உறவில் வந்ததாகத்தான் இருக்கும். நம் ஊர் வேலை அறிவிப்புகளிலேயே ‘2023 பாஸ்டு அவுட்’ என்றுதான் போடுகிறார்கள். அவள் கேட்டு வளர்ந்த ஆங்கிலத்தைத்தான் அவள் பேசினாள். அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லண்டனில் ஒரு பட்டதாரி இதைச் சொன்னால் கேட்பவர் திகைப்பார் என்பதும் நிஜம்.

அவுட் போன்ற குட்டிச் சொற்கள் செய்கிற வேலை அப்படி. பாஸோடு அவே சேர்ந்தால் மரணம், அப் சேர்ந்தால் கைக்கு வந்த வாய்ப்பை வேண்டாமென்று விடுவது, ஆஃப் சேர்ந்தால் போலியை அசல் என்று தள்ளிவிடுவது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி முன்னுரையைக் கல்லூரி நாளில் அரைகுறையாகப் படித்திருக்கிறேன். அயல்நாட்டவருக்கு ஆங்கிலத்தில் மிகப் பெரிய சிரமமே வினையோடு ஒட்டும் இந்தத் துணுக்குகள்தான், அதனால் அவற்றைத் தனிக் கவனத்தோடு குறித்திருக்கிறேன் என்பதுபோல எழுதியிருப்பார். படித்தபோது பெரிய ஆறுதலாக இருந்தது. இது கடினம் என்று அந்த மொழியின் அகராதிக்காரரே ஒப்புக்கொள்கிறாரே!

நம்மிடமும் இது இல்லையா? சொல்லிக்கொடுப்பவர் ஆசிரியர். காட்டிக்கொடுப்பவர் துரோகி. இரண்டிலும் அதே கொடுதான்.

என் சிறுவயது திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் கழிந்தது. பணிமனை வேலைக்காகப் பல மாநிலத்துக் குடும்பங்கள் வந்து தங்கிய இடம். பக்கத்து வீட்டில் ஒரு பெங்காலி ஆன்ட்டி இருந்தார். மார்கழியில் அம்மா புள்ளி வைக்கும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “தீதி, எனக்கும் காட்டிக்கொடுங்க” என்பார். சொல்லிக்கொடு சரியென்றால் காட்டிக்கொடுவும் சரியாகத்தானே இருக்க வேண்டும்? அவருடைய கணக்கில் பிழையே இல்லை. நாங்கள் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொள்வோம். அம்மா எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “வாங்க, சொல்லித்தரேன்” என்று கோலமாவுக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்துவார்.

அம்மா செய்ததற்கு மொழி கற்பிக்கும் துறையில் ரீகாஸ்ட் என்று பெயர். தப்பைத் தப்பு என்று சொல்லாமல், சரியான வடிவத்தைப் பதிலுக்குள் வைத்துத் திருப்பித் தருவது. நானும் வகுப்பில் இதைத்தான் செய்கிறேன், நம்பித்தான் செய்கிறேன். ஆனால் லிஸ்டர், ராண்டா என்ற இருவர் 1997இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கனடாவின் பிரெஞ்சு வகுப்பறைகளில் ஆசிரியர்கள் அதிகம் கையாண்ட திருத்தம் இதுதான் என்றும், தப்பை மாணவர்கள் தாங்களே திருத்திச் சொல்வது இதற்குப் பிறகு குறைவாகவே நடந்தது என்றும் அதில் கண்டார்கள். இதமாகத் திருத்தினால், திருத்தினார்கள் என்பதே பலருக்குத் தெரிவதில்லை.

பெங்காலி ஆன்ட்டியும் அப்படித்தான். மாற்றலாகிப் போகும்வரை காட்டிக்கொடு என்றே சொல்லிக்கொண்டிருந்தார். கோலம் மட்டும் நன்றாகப் போட்டார், சிக்குக்கோலம் உட்பட.

என் மாணவியோ ‘பாஸ்டு அவுட்’ என்று இனித் தவறியும் சொல்ல மாட்டாள். ‘கிராஜுவேட்டட்’ என்று அழுத்தமாகச் சொல்கிறாள். என் வகுப்பில் எத்தனையோ முறை அந்தச் சொல் அவள் காதில் விழுந்திருக்கும். அப்போது பதியாததை ஓர் அறையின் கேலி ஒரே நொடியில் பதித்துவிட்டது. கேலி நல்ல வாத்தியார் என்று இதற்காக நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. அவள் அங்கே ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு வரவில்லை. ஆங்கிலத்தில் வாய் திறக்கும் முன் எதிரிலிருப்பவர் முகத்தைப் பார்த்துக்கொள்வதையும் சேர்த்தே கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள்.

கேலிக்கும் இந்த இதத்துக்கும் நடுவே ஒரு வழி இருக்க வேண்டும். அம்மா ஒருநாள் ஆன்ட்டியைத் தனியாக உட்காரவைத்து, அந்தச் சொல்லுக்கு எங்கள் பேச்சில் என்ன அர்த்தம் என்று நேராகச் சொல்லியிருக்கலாம். நான் என் மாணவர்களிடம் இப்போது அப்படித்தான் சொல்லிப் பார்க்கிறேன். சிலர் குறித்துக்கொள்கிறார்கள். சிலர் அதன்பிறகு நெடுநேரம் பேசுவதே இல்லை. ஆன்ட்டி எந்த வகையாக இருந்திருப்பார், மறுநாள் காலை எங்கள் வாசலுக்கு வந்திருப்பாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.