தேதி போட்ட கோபம்

மூன்று வருடமாக ஞாயிறுதோறும் மின்னஞ்சலில் அனுப்பிய கடிதங்களைப் புத்தகமாக்க உட்கார்ந்தேன். அப்பாவின் குடியைப் பற்றிய கடிதத்தில் கை நின்றுவிட்டது. அவர் இருந்தபோது கோபத்தில் எழுதியது. இப்போது அவர் இல்லை. அந்த ஒரு வரியை எடுத்துடலாமா? எடுத்தால், அன்றைக்கு "எங்க வீட்லயும் இப்படித்தான்" என்று பதில் போட்ட பெண்ணுக்கு என்ன சொல்வேன்?

உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' 1940இலிருந்து ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942இல் அவர் மறைந்தார், நூலானது 1950இல். இந்தச் சங்கடம் அவருக்கு இல்லை. (கொடுத்துவைத்தவர் என்று தோன்றுகிறது, அபத்தம்தான்.)

கடிதம் என்றால் அந்த வாரத்துக் கோபம் என்று படிப்பவருக்குத் தெரியும். புத்தகத்தில் அதுவே என் தீர்ப்பாகிவிடும். வரியை அப்படியே வைத்து, மேலே தேதியைப் போட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் இன்னும் காட்டவில்லை.