அக்கா எடுத்த திருவலகு

புது வீட்டில் பால் காய்ச்சி முடித்ததும் முதலில் எந்தப் பெட்டியைப் பிரிப்பீர்கள் தோழியரே? சுவாமி படங்கள் இருக்கும் பெட்டியைத்தானே? மற்ற மூட்டைகளெல்லாம் அப்புறம்தான்!

என் பெரியம்மா மகள் வீட்டில், குடிவந்து நாலு வாரமாகியும் அந்தப் பெட்டி பிரிக்கப்படவில்லை. பூஜை அலமாரியில் ஒற்றை விளக்கு மட்டும் எரிகிறது. படங்களெல்லாம் பழைய வேட்டியில் சுற்றியபடி அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன.

அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து, எட்டு கீமோவும் முடிந்து, ரேடியேஷன் தொடங்கவிருந்த நேரத்தில் வீடு தயாராகிவிட்டது. 'வைகாசியை விட்டால் ஆவணிதான்' என்றார் புரோகிதர். உடனே உறவில் ஆளுக்கொரு பேச்சு. 'நோயோடு புது வீட்டில் கால் வைக்கலாமா?' என்றார் ஒருவர். 'தலையில் முடி இல்லாமல் மனையில் உட்காரலாமா?' என்றுகூட ஒரு மாமி கேட்டுவிட்டார். நல்லவேளை, புரோகிதர் விவரமானவர். "வீட்டுக்கு எஜமானியம்மா வராம யாருக்கு சங்கல்பம் பண்றது?" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். புகை ஆகாது, கூட்டம் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் ஹோமத்தைச் சுருக்கி, அக்காவைக் காற்று வரும் ஜன்னல் பக்கமாக உட்கார வைத்து, பத்தே பேருடன் கிரகப்பிரவேசம் நடந்தது.

அதற்குப் பிறகுதான் அக்கா ஒடுங்கிப்போனாள். "பெட்டியைப் பிரிச்சுத் தரட்டுமாக்கா?" என்று கேட்டேன். "இன்னும் ஆறு ரேடியேஷன் இருக்கு. முடியட்டும்" என்றாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எல்லாத்தையும் ஆசையா அடுக்கி வெச்ச பிறகு, திரும்ப வந்திருக்குன்னு சொன்னாங்கன்னா?" என்றாள்.

சிகிச்சை முடியப்போகிறது என்றால் சந்தோஷம்தானே என்று நாம் நினைக்கிறோம். நோயாளிக்கோ அதுவே பெரிய பயமாக இருக்கிறது. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போகும்வரை யாரோ நம்மைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற தெம்பு உண்டு. 'இனி சில மாசம் கழித்து வாருங்கள்' என்று அனுப்பிவிட்டால்..? நடுவிலுள்ள அந்த நாட்களை எப்படித் தள்ளுவது?

அந்த வாரம் வேலை நிமித்தமாகத் திருவதிகை போயிருந்தேன். பண்ருட்டிக்குப் பக்கத்தில், கெடிலக் கரையில், அட்ட வீரட்டத் தலங்களில் ஒன்று. இங்கேதான் நாவுக்கரசருக்குச் சூலைநோய் தீர்ந்தது என்பது உங்களுக்குத் தெரிந்த கதைதான். நான் நெடுநேரம் நின்றது அவருடைய தமக்கை திலகவதியாரின் சந்நிதியில்.

திலகவதியாருக்கும் திருவதிகை பிறந்த ஊரல்ல. பெற்றோர் மறைந்து, மணம் பேசியிருந்த கலிப்பகையாரும் போரில் மாண்டு, தம்பிக்காகவே உயிர் தாங்கியவர். அந்தத் தம்பியும் விட்டுப் பிரிந்த பிறகு, திருவாமூரை விட்டு இங்கே வந்து மடம் அமைத்துக்கொண்டார். புது ஊர், தனி வாழ்க்கை. தினமும் கோயிலைப் பெருக்குவார், மெழுகுவார், பூ தொடுப்பார். ஓர் இரவு, வயிற்றைப் புரட்டும் வலியோடு தம்பி வந்து அவர் காலில் விழுகிறார். அக்கா ஐந்தெழுத்து ஓதித் திருநீறு தருகிறார்.

அதற்கு அடுத்து நடந்ததைச் சேக்கிழார் சொல்லும் விதத்தைக் கவனியுங்கள். விடியற்காலையில் திலகவதியார் என்றும்போலத் துடைப்பமும் சாணமும் தண்ணீர்ப் பாத்திரமும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குக் கிளம்புகிறார். 'தம்பிக்கு உடம்பு சரியில்லை, இன்று வேண்டாம்' என்று நிறுத்தவில்லை. அவரையும் கூடவே அழைத்துப் போகிறார். அப்போது வலி தீர்ந்திருக்கவில்லை தோழியரே! தீர்ந்தது, உள்ளே போய் அவர் பதிகம் பாடிய பிறகுதான்.

அந்த நோய் இறைவன் தந்து ஆட்கொண்டது என்று புராணம் சொல்கிறது. அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். தன் நோய்க்கு இதுதான் அர்த்தம் என்று நாவுக்கரசர் சொல்லலாம். அடுத்தவர் நோய்க்கு அர்த்தம் சொல்ல நாம் யார்? 'போன ஜன்மத்துப் பாவம்' என்று பேசும் வாய்களை வாசலிலேயே நிறுத்தி வையுங்கள்.

பிரசாதமும் பிரியமுமாகப் பார்க்க வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ரேடியேஷன் தரும் இடத்தில் சந்தனம், மஞ்சள், விபூதி, எண்ணெய் எதையும் டாக்டரைக் கேட்காமல் பூசக் கூடாது. அங்கே மையால் போட்ட அடையாளம் அழியவும் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் சமயத்தில் கோயில் தீர்த்தத்தை உள்ளுக்குக் கொடுக்காமல் தலையில் தெளித்தால் போதும். விரதம் வேண்டாம். லேகியமும் சூரணமும் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டவே வேண்டாம்.

மருந்தும் இறைவன் அருளே என்று நம்புகிறவள் நான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரமே 1954-ல் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையாகத் திறந்தது. ஓர் உடன்பிறப்பின் கண்ணீர் எத்தனை வீடுகளில் விளக்கேற்றியிருக்கிறது!

திருவதிகையிலிருந்து திரும்பிய மறுநாள் அக்காவிடம் திருநீற்றைக் கொடுத்துவிட்டுக் கதையைச் சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவள், "அந்தம்மா தம்பியைப் பெருக்கச் சொன்னாங்களா?" என்றாள்.

"இல்லக்கா. அன்னிக்கு அவங்கதான் எடுத்துட்டுப் போனாங்க. இவர் கூடப் போனார், அவ்வளவுதான்."

"அப்ப நீ எடு" என்றாள். பல நாள் கழித்து அவள் சிரித்துப் பார்த்தேன்.

நான் பூஜை அலமாரியைச் சுற்றிப் பெருக்கினேன். ஆபரேஷன் ஆன பக்கத்துக் கையில் கனம் தூக்கக் கூடாது என்பதால் பெட்டியை நானே நகர்த்தி வைத்தேன். வேட்டி முடிச்சை மட்டும் அவள் அவிழ்த்தாள். முதலில் வந்தது முருகன் படம். கண்ணாடியைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள். ஆணி அடிக்க ஆள் வரவேண்டும். அதுவரைக்கும் சுவரில் சாய்த்து வைத்து, ஒரு முழம் மல்லிகையைச் சார்த்தினோம்.

இன்னும் நாலு ரேடியேஷன் பாக்கி இருக்கிறது.