வினையும் வைத்தியமும்

இன்ப துன்பங்கள் வினைப்பயனாய் உயிர்களை வந்தடைவன என்பதும், அப்பயனைக் கூட்டுவிப்பவன் முதல்வனே என்பதும் சித்தாந்த சைவர் அனைவர்க்கும் உடன்பாடு. இவ்வுண்மையைப் பற்றிக்கொண்டு சிலர் ஒரு வினா எழுப்புவர். வண்டி மோதியோ, உயரத்தினின்று வீழ்ந்தோ, நெருப்பிற் பட்டோ குற்றுயிராய்க் கிடக்கும் ஒருவன் தன் பிராரத்தத்தையே நுகர்கின்றான். நுகர்ந்தன்றித் தீராத அதனை மருத்துவசாலையார் இரவு பகலாய் முயன்று விலக்கப் புகுதல் இறைவன் ஆணைக்கு மாறாகாதோ என்பதே அவ்வினா. இதனை வினவுவோர் அனைவரும் வீண்வாதம் பேசுவோர் அல்லர். மக்களைப் பறிகொடுத்து மனம் நொந்த பெற்றோரும் அவருள் உளர். ஆகலின் இதனை அமைதியாக ஆராய்தல் நம் கடனாகும்.

முதற்கண் மருத்துவசாலையில் நிகழ்வது யாதென நோக்குவாம். 1976-ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில், அமெரிக்காவின் நெபிராஸ்கா மாகாணத்தில், ஜேம்ஸ் ஸ்டைனர் என்னும் எலும்பு மருத்துவர் செலுத்திய சிறு விமானம் வயலிடை வீழ்ந்தது. மனைவியார் இறந்தனர், அவரும் மக்களும் காயமுற்றனர். அயலூர் மருத்துவசாலையில் தம் மக்களுக்குக் கிடைத்த சிகிச்சை போதாமை கண்ட அவர், அதனை இகழ்ந்து ஒழியாது, ஏனைய மருத்துவரோடு கூடி ஒரு முறையை வகுக்க முற்பட்டார். 1978-இல் முதன்முதல் கற்பிக்கப்பட்ட அம்முறையை, 1980-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி ஏற்றுக்கொண்டது. இன்று அது பல நாடுகளிலும் பயிலப்படுகின்றது.

உயிருக்கு எது விரைந்து இறுதி தருமோ அதனை முதலில் தீர்த்தலே அம்முறையின் சாரம். பீறிட்டோடும் குருதியை அழுத்தி அடக்குவர். மூச்சுக்குழல் திறந்துளதா என்று பார்ப்பர். பின்னர் நுரையீரலின் இயக்கம், குருதியோட்டம், மூளையின் உணர்வு என்பவற்றை நிரலே ஆராய்வர். அதன்பின் ஆடை களைந்து, மறைந்த காயம் உண்டோ என்று உடல் முழுதும் நோக்கி, குளிரால் நலியாதபடி உடனே போர்த்துவர். நோயின் பெயர் முற்றும் துணியப்படும் வரை சிகிச்சையை நிறுத்தி வையார். உரக்க அலறுவோனுக்கு மூச்சு இயங்குகின்றது. நா பின்னே மடிந்து மூச்சடைபட்டுக் கிடப்பவனோ ஒலி செய்யான். ஆதலின் அலறாதவன்பால் அவர் கண் முந்திச் செல்லும்.

இத்தொழில் ஒருவரால் ஆவதன்று. திருவள்ளுவ நாயனார் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதியில், நோயுற்றவன், மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிசெய்வோன் என மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தமை அறிக. தலைமை மருத்துவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று அனைத்தையும் நோக்கி ஏவுவார். ஒருவர் தலைமாட்டில் மூச்சைக் காப்பார். செவிலியர் குருதியும் மருந்தும் ஏற்றுவர். ஒருவர் நிகழ்ந்தவற்றை நேரத்தோடு குறிப்பர். முதுகெலும்பு முறிந்தானோ என்ற ஐயம் உள்ளவனைப் புரட்டுங்கால், தலையைத் தாங்கினவர் சொல்லும் ஒரு சொல்லுக்கு ஏனையோர் ஒருங்கே இயங்குவர். ஒருவர் முந்தினும் பிந்தினும் அவன் நடை இழத்தல் கூடும். இங்கே யான் எனது என்னும் செருக்குக்கு இடமில்லை.

இனி, எடுத்துக்கொண்ட தடைக்கு விடை கூறுவாம். பிராரத்தம் நுகர்ந்தே தீரும் என்பது மெய்யே. ஆயின் காயம் மாத்திரமே பிராரத்தம் என்று வரையறுத்தார் யாவர்? கைவல்ல மருத்துவர் அந்நேரத்தே அங்கிருத்தலும், ஒத்த குருதி தருவான் ஒருவன் வாய்த்தலும் அதனுள் அடங்காவோ? துன்பத்தின் எல்லை இதுவென்று அறிபவன் முற்றறிவுடைய முதல்வன் ஒருவனே. அவ்வெல்லையை நாம் குறித்து, இவன் இன்னும் துன்புறுதல் வேண்டும் எனக் கையொழிதல், அவனுக்குரிய தொழிலை நாம் கவர்தலாய் முடியும். அன்றியும், கைவிட்டானுக்கு அச்செயலே ஆகாமியமாய் ஏறும்.

இதற்கு ஆன்றோர் ஒழுக்கமும் சான்றாம். திருக்கொடிமாடச் செங்குன்றூரில் அடியார் திருக்கூட்டம் குளிர்சுரத்தால் நலிந்தபோது, வினை என்று சொல்லி அவரை அந்நிலையில் விடாது, ஆளுடைய பிள்ளையார் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளி அந்நோய் தீர்த்தார். வினையின் பயன் இதுவென உரைத்துக்கொண்டே உய்யும் வழி நாடாதிருத்தல் குறை என்பது அப்பதிகத்தாற் பெறப்படும். திருக்காளத்தியில் இறைவன் திருக்கண்ணில் உதிரம் பெருகக் கண்ட கண்ணப்ப நாயனார், முன்னர்ப் பச்சிலை தேடிக் கொணர்ந்தார். அது பயன்படாமை கண்டு தம் கண்ணையே அப்பினார். உதிரம் கண்டவிடத்து அன்பு செய்யும் செயல் அதுவே.

அற்றேல், குற்றமுடையானுக்கும் அவ்வாறு செய்தல் தகுமோ? குடித்து வண்டி செலுத்தி மோதினவனும், அம்மோதலில் அடிபட்ட குழந்தையும் ஒரே அறைக்குக் கொணரப்படுகின்றனர் என்று கொள்வோம். குழந்தையின் முன்கை எலும்பு முறிந்துளது. மோதினவனுக்கோ வயிற்றினுள் குருதி பெருகுகின்றது. வேறொரு மருத்துவர் இல்லாதவிடத்து, முதலில் அவனையே நோக்குவர். குழந்தையின் தாய் இதனை எங்ஙனம் பொறுப்பாள்? அவள் சினம் இயற்கை; அதனை இகழ்தல் ஆகாது. எனினும், நெப்போலியன் படையில் அறுவை மருத்துவராய் இருந்த லார்ரே என்பார், 1812 முதல் வெளிவந்த தம் நினைவு நூலில், பதவி நோக்காது கொடுங்காயமுற்றாரையே முதற்கண் நோக்குதல் வேண்டும் என வலியுறுத்தினார். தகுதி ஆராயப் புகின், ஆராயும் பொழுதிலேயே உயிர் போய்விடும். ஒறுத்தல் அரசுக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. முடிவில் மறக்கருணை காட்டும் முதல்வனுக்கு உரியது. பிழைத்தெழுந்தாலன்றி அவன் ஒறுக்கப்படுதலும் திருந்துதலும் எங்ஙனம் கூடும்? உடம்பு மலபரிபாகத்தின் பொருட்டு உயிருக்குத் தரப்பட்ட கருவி. அக்கருவியைக் காத்துத் தருதலே மருத்துவர் பணி.

எல்லாம் செய்தும் உயிர் பிரிதல் உண்டு. அப்பொழுது, சில மருத்துவசாலைகளில், பணிசெய்தோர் அனைவரும் கருவிகளை வைத்துவிட்டுச் சிறிது நேரம் பேசாது நிற்பர். அம்முயற்சி வறிதாயிற்றெனல் பொருந்தாது. வலி தணிந்தது, ஓர் உயிர் கேட்பாரற்று நீங்காமல், கைகள் தாங்க நீங்கிற்று. பெற்றோர்க்கு அவ்விடத்து வினைக்கொள்கையைத் தீர்ப்புப்போல எடுத்தோதுதல் சைவமன்று. உடனிருந்து அழுதலே அமையும்.

மருத்துவர் அல்லாத நமக்கும் இதிற் பங்குண்டு. வழக்குக்கு அஞ்சி, வீதியில் வீழ்ந்தாரைக் கண்டும் காணாது செல்வோர் பலர். நல்லெண்ணத்தால் உதவுவோர்க்கு, 2019-இல் திருத்தப்பட்ட இந்திய மோட்டார் வாகனச் சட்டம் காப்பளிக்கின்றது. குருதி வழங்குதலும், வீழ்ந்தானை உரிய நேரத்தில் மருத்துவசாலை சேர்ப்பித்தலும் யாவர்க்கும் எளியன.

வினையுண்மை நமக்கு உணர்த்தப்பட்டது, நம் துன்பத்தை நாம் பொறுத்தற்கே. பிறர் துன்பத்தைப் பொறுத்துக்கொண்டிருத்தற்கு அன்று. இருள்மலத்து அழுந்திக் கேட்கவும் அறியாது கிடந்த உயிர்களுக்கு, கேளாமலே தனு கரண புவன போகங்களைத் தந்தவன் நம் இறைவன். உணர்விழந்து கிடப்பானிடம் தகுதி வினவாது கைகொடுப்பார், அறிந்தோ அறியாமலோ, அவ்வருளின் வழி நிற்பவரே என்க.

திருச்சிற்றம்பலம்.