மலையைக் கல்லி எலி பிடித்த இரவு

2021 மே 2, ஞாயிறு இரவு. பிபிசியில் ‘லைன் ஆஃப் டியூட்டி’ தொடரின் ஆறாவது சீசன் முடிகிறது. சராசரியாக 1 கோடியே 28 லட்சம் பேர் பார்த்தார்கள். பிரிட்டனின் மக்கள்தொகையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. தினசரி ஓடும் குடும்பத் தொடர்களைக் கழித்துவிட்டால், 2002க்குப் பிறகு அந்த நாட்டில் எந்தத் தொடர்நாடகத்தின் முன்னும் அவ்வளவு பேர் கூடியதில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவர்களில் ஏராளமானோர் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: இதற்குத்தானா இத்தனை வருஷம் காத்திருந்தோம்?

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக. போலீஸைப் பிடிக்கும் போலீஸின் கதை இது. ஏசி-12 என்ற ஊழல் ஒழிப்புப் பிரிவு. அதன் தலைவர் டெட் ஹேஸ்டிங்ஸ், கீழே ஸ்டீவ் ஆர்னட், கேட் ஃப்ளெமிங். துப்பாக்கிச் சண்டையை விட விசாரணை அறைதான் இதில் விறுவிறுப்பு. மேசைக்கு இந்தப் பக்கம் மூவர், அந்தப் பக்கம் வழக்கறிஞரோடு ஓர் அதிகாரி; இருபது நிமிடத்துக்கும் மேல் பேச்சு மட்டுமே நடக்கும், நாற்காலியை விட்டு எழ முடியாது. எழுதியவர் ஜெட் மெர்க்யூரியோ.

2016இல் மூன்றாவது சீசன் முடியும்போது டாட் காட்டன் என்ற ஊழல் அதிகாரி குண்டடிபட்டுச் சாகிறான். போலீஸுக்குள்ளே இருந்துகொண்டு கொள்ளைக் கும்பலுக்கு வேலை பார்ப்பவனின் அடையாளமாக ‘எச்’ என்ற எழுத்தை மரண வாக்குமூலத்தில் விட்டுவிட்டுப் போகிறான். அந்த எழுத்து வெளியே தெரிந்ததிலிருந்து ஒரு நாடே துப்பறிய ஆரம்பித்தது. ஹேஸ்டிங்ஸின் பெயரே ஆங்கிலத்தில் ‘எச்’ என்ற எழுத்தில்தான் தொடங்குகிறது. ஹில்டன் என்ற உயரதிகாரிக்கும் அதே எழுத்து. 2019இல் ஐந்தாவது சீசன் முடிவில் ஒரு திருப்பம்: காட்டன் சாகும்போது விரலால் நான்கு முறை தட்டினானாம். மோர்ஸ் குறிப்பில் நான்கு புள்ளிகள் சேர்ந்தால் எச். ஆகவே எச் என்பது ஒரு ஆளின் பெயரல்ல, நான்கு பேர் என்பதற்கான சைகை. மூவர் யார் என்று தெரிந்துவிட்டது. மிச்சம் நான்காவது ஆள். இந்த நான்கு புள்ளி யோசனை 2016இல் எழுதும்போதே இருந்ததா, பிறகு வந்து ஒட்டிக்கொண்டதா என்ற சந்தேகம் எனக்கு இன்னும் போகவில்லை. அது கிடக்கட்டும்.

அந்த நான்காவது ஆள் இயன் பக்கெல்ஸ் என்று மே 2 அன்று தெரிந்தது.

2012இல் முதல் சீசனிலேயே வந்த ஆள்தான். சோம்பேறி, அசடு, கோப்பை ஒழுங்காகப் படிக்காதவன். ஒவ்வொரு முறை கோட்டைவிட்ட பிறகும் ஒரு படி மேலே ஏறியிருப்பான். யாருமே பயப்படாத ஆள். கும்பலுக்கும் போலீஸுக்கும் நடுவே செய்தி கொண்டுபோய்க் கொடுத்துக் காசு வாங்கியிருக்கிறான், அவ்வளவுதான். அவனைக் காட்டிக்கொடுத்தது ‘டெஃபினட்லி’ என்ற ஆங்கிலச் சொல்லைத் தப்பும் தவறுமாக எழுதும் வழக்கம். மலையைக் கல்லி எலி பிடித்த கதையாகிவிட்டது என்று பார்த்தவர்கள் நொந்துகொண்டார்கள்.

உடனே ஓட்டைகளை எண்ணத் தொடங்கினார்கள். இத்தனை அசடனுக்கு ஒரு கொலைகாரக் கும்பல் ஏன் கட்டுப்பட வேண்டும்? அவனை முதல் சீசனிலிருந்து பக்கத்திலேயே வைத்திருந்த ஏசி-12க்கு எப்படித் தெரியாமல் போனது? ஐந்தாவது சீசனில் ஹேஸ்டிங்ஸ் அதே சொல்லை அதே பிழையோடு தட்டச்சு செய்தாரே, அதையே ஆதாரமாகப் பிடித்துக்கொண்டு எத்தனை பேர் பந்தயம் கட்டினார்கள்? எச்சின் பழைய செய்திகளைப் பார்த்து வேண்டுமென்றே அப்படி எழுதினேன் என்று அவர் சொன்னதோடு அது முடிந்தது. மடிக்கணினியை அவர் ரகசியமாக அழித்ததற்கும் ஒரு காரணம் சொன்னார். ஆபாசப் படம் பார்த்ததை மறைக்கத்தானாம்.

இதில் எனக்கு ஒரு கேள்வி. இந்த ஓட்டைகளில் பாதி அன்று இரவு விழுந்தவை அல்ல. ஹேஸ்டிங்ஸின் மடிக்கணினிச் சமாதானம் 2019லேயே சொல்லப்பட்டது. அப்போது சிரித்துவிட்டு அடுத்த சீசனுக்குக் காத்திருந்தவர்கள்தான் 2021இல் கோபப்பட்டார்கள். அப்படியானால் கோபம் ஓட்டையின் மேல்தானா?

ஓட்டை இல்லாத குற்றக் கதை கிடையாது. ரேமண்ட் சாண்ட்லரின் ‘தி பிக் ஸ்லீப்’ 1939இல் வந்த நாவல். ஹோவர்ட் ஹாக்ஸ் அதைப் படமாக எடுக்கும்போது கதையில் செத்துப்போகும் கார் டிரைவரைக் கொன்றது யார், இல்லை தற்கொலையா என்று படக்குழுவுக்குச் சந்தேகம் வந்து சாண்ட்லரிடமே கேட்டார்கள். தனக்கும் தெரியவில்லை என்றார் சாண்ட்லர். ஒரு பிணத்துக்குக் கணக்கே இல்லாமல் 1946இல் படம் வெளியானது. இன்றும் அதைக் கொண்டாடுகிறோம். ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளில் டாக்டர் வாட்சனுக்கு ஆப்கன் போரில் குண்டு பாய்ந்த இடம் முதல் நாவலில் தோள், இரண்டாவதில் கால். கானன் டாயில் மறந்துபோனார். வாசகர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, ஒரு குண்டு எப்படி இரண்டு இடத்தில் பாயும் என்று நூறு ஆண்டுக்கு மேலாகச் சந்தோஷமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஆசிரியரின் மறதியை மூடி மறைக்க இவர்களே விளக்கம் எழுதுகிறார்கள்.

பிடித்த கதையின் ஓட்டையை நாமே அடைத்துக்கொள்கிறோம். ஏமாற்றிய கதையில்தான் அது நம் கண்ணில் படுகிறது. ஆகவே ஓட்டையின் பட்டியலை நீட்டுபவர் உண்மையில் வேறெதையோ சொல்ல வருகிறார். என்ன அது?

2011இல் அமெரிக்காவில் ‘தி கில்லிங்’ என்ற தொடர் வந்தது. ரோஸி லார்சனைக் கொன்றது யார் என்பதுதான் விளம்பரமே. முதல் சீசனின் கடைசி எபிசோடில் கொலையாளி யார் என்று சொல்லாமலே முடித்தார்கள். பதில் வர மறு வருஷம் ஜூன் வரை ஆனது. ஜனங்கள் கொதித்துப்போனார்கள். அந்தக் கோபம் புரிகிறது. அவர்கள் கேட்டது பதில், பதில் கிடைக்கவில்லை. ‘லைன் ஆஃப் டியூட்டி’யில் பதில் கிடைத்தது. துப்பு துலங்கியது, ஆள் அகப்பட்டான், கேமரா முன் உட்கார வைத்து விசாரித்தாயிற்று. பதில் சின்னதாக இருந்தது என்பதுதான் குறை. நம் பயத்தின் அளவுக்கு அந்த ஆள் இல்லை.

தீயவன் பெரியவனாக இருக்க வேண்டும் என்பது கதை கேட்கும் ஜாதியின் பழைய ஆசை. கம்பன் ராவணனைக் குறைத்துச் சொல்லவில்லை. அவன் தோள், வீணை, சாமகானம், கயிலையைத் தூக்கிய வலு எல்லாவற்றையும் வாய் நிறையச் சொன்ன பிறகுதான் ராமன் வில்லை எடுக்கிறான். எதிரி சிறுத்தால் போரும் சிறுத்துவிடும். துப்பறியும் கதை பார்க்கிறவரும் ஒரு ராவணனுக்காகத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இந்த விஷயத்தில் மெர்க்யூரியோவையும் நான் எளிதில் விடமாட்டேன். ராவணன் வருவான் என்று ஆசை காட்டியது அவர்தான். ஒவ்வொரு சீசன் முடிவிலும் ஒரு பெரிய நிழலைக் காட்டினார், ஒவ்வொரு எழுத்தையும் புள்ளியையும் நாம் உற்றுப் பார்க்கும்படி பழக்கினார். சதுரங்கம் என்று சொல்லி உட்கார வைத்துவிட்டு, வாழ்க்கை சதுரங்கம் இல்லையப்பா என்று கடைசியில் பலகையை மடித்தால் ஆடியவருக்கு ஆத்திரம் வரத்தான் செய்யும். யதார்த்தம் சொல்கிறேன் என்பது கைத்தொழில் குறைக்கு மன்னிப்பு ஆகாது. துப்பறியும் நாடகம் என்ற வகையில் அது மோசமான முடிவு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் தீயவன் சிறியவனாக இருப்பது அவர் அன்றைக்குத் திடீரென்று கண்டுபிடித்த விஷயம் அல்ல. மெர்க்யூரியோ மருத்துவம் படித்து மருத்துவமனையில் வேலை பார்த்தவர். 2004இல் அவர் எழுதிய ‘பாடீஸ்’ என்ற தொடர் மகப்பேறு வார்டில் நடப்பது. அதில் வரும் பெரிய டாக்டர் கொடியவன் அல்ல. கை ஓடாதவன், அவ்வளவுதான். அவன் கையில் நோயாளிகள் கெட்டுப்போகிறார்கள். கூட வேலை செய்பவர்களுக்குத் தெரியும். யாரும் வாய் திறப்பதில்லை. வாய் திறப்பவருக்குத்தான் வேலை போகும். பக்கெல்ஸ் அந்த வார்டிலிருந்து போலீஸ் நிலையத்துக்கு மாற்றலாகி வந்தவன் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. திறமையின்மை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்ததுதான் ஊழல் என்று தொடருக்குள்ளேயே ஹேஸ்டிங்ஸ் கண்டுகொள்கிறார். அசடன் என்று பெயர் வாங்கியவனை யாரும் சோதனை போடுவதில்லை. அவனுக்கு மூளை தேவைப்படவில்லை. பக்கத்து நாற்காலிக்காரன் பார்க்காமல் இருந்தால் போதுமாயிருந்தது.

நாடகம் முடிந்த ஆறு வாரத்தில், 2021 ஜூன் 15 அன்று, லண்டனில் ஓர் அறிக்கை வெளியானது. ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேல். டேனியல் மோர்கன் கொலை பற்றியது. தனியார் துப்பறிவாளரான மோர்கனை 1987 மார்ச் 10 இரவு, தென்கிழக்கு லண்டன் சிடன்ஹாமில் கோல்டன் லயன் என்ற மதுக்கடையின் வாகன நிறுத்துமிடத்தில் கோடரியால் வெட்டிக் கொன்றார்கள். வழக்கைப் போலீஸ் திரும்பத் திரும்ப விசாரித்தது. ஊழல் போலீஸ்காரர்கள் வழக்கைக் கெடுத்தார்கள் என்று அண்ணன் அலஸ்டர் மோர்கனும் குடும்பமும் விடாமல் குரல் கொடுத்து, 2013இல் தனிக் குழு அமைக்க வைத்தார்கள். நூவாலா ஓலோன் தலைமையிலான அந்தக் குழு எட்டு ஆண்டு உழைத்தது.

குழு கண்டுபிடித்த ‘எச்’ யார்? யாரும் இல்லை. லண்டன் பெருநகரப் போலீஸில் ‘நிறுவன ரீதியான ஊழல்’ இருந்தது என்று எழுதினார்கள். தன் தவறுகளை ஒப்புக்கொள்ளாமல் மறைத்து, முதல் வேலையாகத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது அந்த நிறுவனம் என்பது அதன் சாரம். கொலை நடந்த இடத்தை ஒழுங்காகச் சோதிக்காதவர், காகிதங்களைத் தராமல் இழுத்தடித்தவர், பேச வேண்டிய நேரத்தில் பேசாதவர் என்று பல பேருடைய பல சிறு செயல்கள். ஒரு ராவணன் கூட அகப்படவில்லை. கொலையாளி வேறு, அவனைக் காப்பாற்றிய ஏற்பாடு வேறு. அந்த ஏற்பாட்டுக்கு முகமே இல்லை.

இதற்குப் பிறகு நடந்ததை ஒரு கதாசிரியர் எழுதியிருந்தால் ஓட்டை என்று தூக்கிப் போட்டிருப்போம். 2023 ஜனவரியில் போலீஸ் தலைமையகத்தில் ஒரு பூட்டிய அலமாரியைத் திறந்தார்கள். குழுவிடம் கொடுத்திருக்க வேண்டிய ஆவணங்கள் அதில் இருந்தன. போலீஸ் மன்னிப்புக் கேட்டது. எட்டு ஆண்டு விசாரணை, ஒரு தலைமையகம், ஒரு பூட்டிய அலமாரி! நாடகத்தில் இதை வைத்தால் எழுதத் தெரியவில்லை என்று திட்டுவோம்.

நம் ஏமாற்றத்தின் அடியில் இருப்பது இதுவாகத்தான் இருக்க வேண்டும்: குற்றத்துக்கு ஓர் உரிமையாளர் வேண்டும் என்று கேட்கிறோம். இருந்தால் அவனைத் தூக்கிலேற்றலாம், டிவியை அணைக்கலாம், நிம்மதியாகத் தூங்கலாம். மிச்சமிருக்கிற அத்தனை பேரும் அந்தக் கணமே யோக்கியர் ஆகிவிடுவார்கள். பக்கெல்ஸை விட்டுவைத்தவர்கள், அவனுக்குப் பதவி உயர்வில் கையெழுத்துப் போட்டவர்கள், அசடுதானே என்று சிரித்தவர்கள், அவர்களோடு சேர்ந்து சிரித்த 1 கோடியே 28 லட்சம் பேர், எல்லோருமே. அசுரன் ஒருவன் அகப்பட்டால் நமக்குக் கிடைக்கும் லாபம் இது. எலி அகப்பட்டபோது அந்த லாபம் கிடைக்கவில்லை. முதல் சீசனிலிருந்து அவன் நம் கண்முன்னால்தான் நடமாடினான், நாமும் அவனைப் பார்க்கவில்லை. துறையின் தவறு என்று நாம் திட்டிய அதே தவறை நாமும் செய்திருந்தோம். கோபத்தில் பாதி அங்கிருந்து வந்தது என்பது என் கணிப்பு.

ஆறாவது சீசனின் கடைசிக் காட்சியில் ஹேஸ்டிங்ஸ், ஆர்னட், ஃப்ளெமிங் மூவரும் லிஃப்டில் ஏறுகிறார்கள். ஊழலைப் பிடிக்கும் பிரிவின் கை முன்னெப்போதையும் விடத் தளர்ந்திருக்கிறது என்று திரையில் எழுத்து வருகிறது. தலைமைக் காவல் அதிகாரி பதவியில் அப்படியே இருக்கிறார். ஆறுதல் என்று எதுவும் இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் மெர்க்யூரியோ முழு நேர்மையோடு இருந்த இடம் அதுதான் என்பேன். மற்ற ஐம்பத்தொன்பது நிமிடத்தில் அவர் செய்த தப்புகளுக்கு அவரைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன். அந்தக் கடைசி நிமிடத்துக்காகத் திட்டாதீர்கள்.

2023 ஜூலையில் லண்டன் போலீஸ் மோர்கன் குடும்பத்திடம் தன் தவறுகளை ஒப்புக்கொண்டு இழப்பீடு கொடுக்கச் சம்மதித்தது. சிடன்ஹாமில் 1987இல் நடந்த கொலைக்காக இதுவரை ஒருவர் கூடத் தண்டிக்கப்படவில்லை.