தோமையாரின் விரல்

சென்னைச் சின்னமலைக் கெபிக்குள் பாறையில் ஒரு கைத்தடம் உண்டு. புனித தோமையாரின் கை என்பார்கள். போன வாரம் அதன் எதிரே என் வலது கையை விரித்துப் பிடித்தேன். சுட்டுவிரலும் நடுவிரலும் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஒன்றும் இல்லை.

அந்த இரண்டும் 1994-ல் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் போயின. பவர் பிரஸ்ஸில் இரண்டு பொத்தான்களையும் இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் பஞ்ச் இறங்கும். கை டைக்குள் இருக்கக் கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. பீஸ் கணக்கு ஏறட்டும் என்று அதில் ஒன்றைக் கம்பியால் அழுத்திக் கட்டி வைத்திருந்தார்கள். தகட்டை நகர்த்தப் போன கை அது. எனக்கு அப்போது 22 வயது.

தையல் பிரித்த மறுநாளே அம்மா என்னைச் சின்னமலைக்குக் கூட்டிப்போனாள். சென்ட்ரல் வரை ரயில், அங்கிருந்து பஸ். துண்டைச் சுற்றிக் கையை மறைத்துக்கொண்டே போனேன். தாகத்தோடு வந்த ஜனங்களுக்காகத் தோமையார் கோலால் தட்ட, பாறையிலிருந்து கிளம்பியது என்று நம்பப்படும் ஊற்று அங்கே இருக்கிறது. போர்த்துகீசியர் 1551-ல் கட்டிய கோயில்; ஆரோக்கிய மாதா பேரில் விளங்குகிறது. அம்மா ஊற்றுத் தண்ணீரை உள்ளங்கையில் ஏந்தி, துண்டைப் பிரித்து, விரல் இருந்த இடத்தில் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஜெபம் பண்ணுகிறவள் கண்ணை மூடவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

விரல் வரவில்லை. இல்லாத விரல் ராத்திரியில் அரிக்கும், சொறிய இடமிருக்காது. எங்கள் தெருவுக்கு ஜெபக்கூட்டம் நடத்த வந்த ஒருவர், “உங்களுக்கு விசுவாசம் பத்தலம்மா” என்று அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னார். மூன்று நாள் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பேச்சை அன்றைக்கும் நான் ஏற்கவில்லை, இன்றைக்கும் ஏற்கவில்லை.

இயேசுவின் கையில் ஆணி பாய்ந்த இடத்தில் விரலை விட்டுப் பார்க்காமல், அவர் உயிர்த்தெழுந்ததை நம்பமாட்டேன் என்றவர் தோமையார். எட்டு நாள் கழித்து ஆண்டவர் வந்தார். கண்டித்தார்தான், ஆனால் கண்டிப்பதற்கு முன்பே, விரலை நீட்டு, என் கைகளைப் பார் என்றார். தோமையார் தொட்டாரா என்று யோவான் தன் சுவிசேஷத்தில் எழுதவே இல்லை. காரவாஜியோ போன்ற ஓவியர்கள்தான் விரலைக் காயத்துக்குள் விட்டார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. சாவை ஜெயித்து எழுந்த உடம்பிலும் அந்தக் காயங்கள் இருந்தன. பூட்டின கதவுக்கு உள்ளே வந்து நிற்க முடிந்தவருக்குத் தழும்பை அழிப்பதா கஷ்டம்? அவர் அழிக்கவில்லை. அப்படியிருக்க, என் கை பழையபடி ஆகாததை என் அம்மாவின் விசுவாசக் குறை என்று யார் சொல்ல முடியும்?

அம்மாவோடு சின்னமலைக்குப் போன அன்று, திரும்பும்போது ரயிலில் கூட்டம். நின்றுகொண்டே வந்தேன். வில்லிவாக்கம் தாண்டிய பிறகுதான் கவனித்தேன்: வலது கையால் கம்பியைப் பிடித்திருக்கிறேன், துண்டு அம்மாவின் தோளில் இருக்கிறது. எதிரே இருந்தவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தது.

இப்போது நான் புதுப் பையன்களுக்கு பிரஸ் சொல்லிக்கொடுக்கிறேன். சுவிட்ச் போடுவதற்கு முன் கையைக் காட்டிவிடுவேன். போன மாதம் சேர்ந்த ஒருவன் தயங்கித் தயங்கி, “தொட்டுப் பாக்கட்டாண்ணா?” என்றான். நீட்டினேன்.