உசாத்துணை

வைத்திய சஞ்சிகைக்கு அனுப்பப்படும் ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கத்தில் காற்புள்ளி எங்கே விழவேண்டும், அரைப்புள்ளி எங்கே விழவேண்டும் என்பதில் ஆராய வேண்டிய அறப்பிரச்சினை என்ன இருக்கிறது? சென்ற ஆண்டு என் பழைய மாணவன் ஒருவன் தன் கட்டுரைப் பிரதியோடு வீட்டுப் படியேறும் வரை நானும் இப்படித்தான் எண்ணியிருந்தேன்.

மடுல்சீமைத் தோட்டமொன்றின் லயத்திலே பிறந்தவன் அவன். பசறை வழியாகப் பதுளைக்கு இறங்கும் பஸ்ஸிலேயே பாதிப் படிப்பை முடித்து வைத்தியனானவன். கொழுந்தெடுக்கும் பெண்களின் இரத்தச்சோகையைப் பற்றி எழுதியிருந்தான். ஆங்கிலத்தைப் பார்த்துத் தரும்படி கேட்டுத்தான் வந்தான். ஆனால் அவனை வாட்டிக்கொண்டிருந்தது உசாத்துணைப் பட்டியல். அது முறைப்படி அமையவில்லையென்று ஒரு சஞ்சிகை இருமுறை திருப்பி அனுப்பியிருந்தது.

1978இல் சில வைத்திய சஞ்சிகைகளின் ஆசிரியர்கள் கனடாவின் வான்கூவர் நகரில் கூடி வகுத்து, அடுத்த ஆண்டு வெளியிட்ட விதிகளிலிருந்து வளர்ந்த முறை அது. கட்டுரையில் எடுத்தாளும் வரிசைப்படி எண் இடவேண்டும். குடும்பப் பெயர் முன்னே, முதலெழுத்துகள் பின்னே. ஆண்டுக்குப் பின் அரைப்புள்ளி, தொகுதி எண்ணுக்குப் பின் முக்காற்புள்ளி, பிறகு பக்கம். ஆசிரியர்கள் ஆறு பேரைத் தாண்டினால் எஞ்சியோர் ‘பிறர்’ ஆகிவிடுவார்கள். குடும்பப் பெயரே இல்லாத தமிழன் இதற்குள் படும் பாடு தனிக்கதை. தந்தை பெயரைப் பின்னால் எழுதிக்கொண்ட கருப்பையா, அச்சில் ‘முத்துசாமி க.’ ஆகிறான். மகன் எழுதிய கட்டுரைக்கு, எழுத்தறியாத தகப்பன் ஆசிரியராகிவிடுகிறான். (அந்தத் தகப்பனுக்கு இது ஒருவேளை நியாயமாகவும் படலாம்.)

இத்தகைய விதிகளைக் கண்டு எள்ளி நகையாடுவது நம்மில் பலருக்கு எளிது. நான் அதற்கு உடன்படேன். பெரியவர் சொன்னார், சாத்திரம் சொன்னது என்பதே ஒரு காலத்தில் சான்றாக இருந்தது. கேட்டவன் தலைவணங்க வேண்டும், அவ்வளவுதான். ஆண்டும் தொகுதியும் பக்கமும் குறித்துக் கொடுப்பவனோ, “என்னை நம்பாதே, நீயே போய்ப் பார்” என்று வாசகனுக்கு உரிமை வழங்குகிறான். பேராசிரியரின் கூற்றைப் பதுளையிலிருக்கும் ஒரு மாணவன் சரிபார்க்கலாம், மறுக்கலாம். இதைவிட ஜனநாயகமான வழக்கம் அறிவுலகத்தில் வேறில்லை. புள்ளிகளும் எண்களும் அந்த உரிமைக்குப் போட்ட பாதை.

ஆனால் பாதையைப் போட்டவன் அதிலே நடந்திருக்க வேண்டாமா? பட்டியலில் 34 கட்டுரைகள் இருந்தன. “இவற்றில் எத்தனையைப் படித்தாய், தம்பி?” என்றேன். நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, “பதினொன்று, சேர்” என்றான். மற்றவை பிறருடைய பட்டியல்களிலிருந்து எடுத்தவை. எல்லோரும் செய்வதுதான் என்றும் சொன்னான். அது உண்மைதான் என்பதே என் கவலை.

எல்லோரும் செய்ததால் விளைந்த ஒன்றை அவனுக்குச் சொன்னேன். 1980 ஜனவரியில் அமெரிக்காவின் புகழ்பெற்ற வைத்திய சஞ்சிகையொன்றில் ஐந்தே வாக்கியங்கள் கொண்ட கடிதம் ஒன்று வெளிவந்தது. ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்ற நோயாளரில் அபின் வகை மருந்து பெற்ற 11,882 பேரின் பதிவுகளில், நான்கு பேருக்கே அம்மருந்துப் பழக்கம் ஏற்பட்டதாகக் காணப்பட்டது என்பதே அதன் சாரம். வீட்டுக்குக் கொண்டுபோய் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவோரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆயினும், இம்மருந்துகள் அடிமைப்படுத்துவது அரிது என்பதற்குச் சான்றாக அது கட்டுரைக்குக் கட்டுரை தாவிச் சென்றது. 2017இல் கணக்கெடுத்தபோது 608 கட்டுரைகள் அதை எடுத்தாண்டிருந்தன. ஆஸ்பத்திரி நோயாளர்கள் என்ற முக்கிய விவரத்தை அவற்றில் ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது சொல்லவேயில்லை. 1996 முதல் ஒரு கம்பெனி தன் மாத்திரையை அச்சமற்றதென்று சந்தையில் குவித்தது. 2007இல் அது நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அவ்வகை மருந்துகளால் அந்நாட்டில் மாண்டவர்கள் இலட்சக்கணக்கானோர். இலாபவெறியே முதற்காரணம், மறுப்பாரில்லை. ஆனால் அந்த இலாபவெறிக்கு விஞ்ஞான வேடம் கட்டிவிட்டவர்கள், படியாமலே எண்ணிட்ட நல்லவர்கள். அவர்களுடைய காற்புள்ளிகள் அனைத்தும் சரியாகவே இருந்திருக்கும்!

நம் நாட்டில் வழங்கும் ‘உசாத்துணை’ என்னும் சொல் அழகானது. உசாவுதல் என்றால் கேட்டு ஆராய்தல். கூட இருந்து உசாவத் தக்க துணைதான் உசாத்துணை. முகமே பாராத ஒருவரை அப்படி அழைக்கலாமா?

மலையகத்து மக்களுக்கு இந்தச் சான்று விவகாரம் புதியதன்று. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்பதற்கு ஆதாரம் கேட்டது. மலையைத் திருத்தித் தேயிலை நட்டவனின் உடம்பு ஆதாரமாக ஏற்கப்படவில்லை. கடதாசி வேண்டும் என்றார்கள். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எவரையும் உசாவவில்லை. தோட்டத்தில் ஒரு நாட் கூலிக்கே ‘பேர்’ என்றுதான் பெயர். கொழுந்து நிறை குறைந்தால் கணக்கப்பிள்ளை ‘அரைப்பேர்’ போடுவார்.

மாணவனின் பட்டியலில் கொக்கிப்புழு ஒழிப்பைப் பற்றிய பழைய அறிக்கையொன்றும் இருந்தது, அதுவும் படியாததுதான். ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் தொடங்கிய வேலை அது. இரத்தச்சோகைக்குக் காரணமான அப்புழுவைக் கொல்ல ஒருவகை மூலிகை எண்ணெய் கொடுத்தார்கள். அளவு மீறினால் அதுவே நஞ்சு. தொழிலாளியின் நலத்தோடு, சோர்வற்ற உழைப்பும் துரைமாரின் கணக்கில் இருந்தது.

அவன் ஊருக்குப் போய் எண்பது வயதுக் கிழவி ஒருத்தியிடம் இதுபற்றி விசாரித்தான். “எங்க ஆத்தா சொல்லும், தம்பி. பூச்சி எண்ணெய் குடிச்ச அன்னைக்கு எந்திரிக்க முடியாது. மலைக்குப் போகலேன்னா பேரு ஏது? அதுக்குப் பயந்துகிட்டு வாயில வச்சிருந்து வெளியே துப்பிருவாங்களாம்” என்றாள். மருந்து ஏன் பலருக்குப் பலிக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை அவன் படித்த பதினொன்றிலும் காணவில்லை.

இதை எப்படிக் குறிப்பது? விதியில் இடமுண்டு. நேரில் அறிந்த செய்தியைப் பட்டியலில் சேர்க்காமல், கட்டுரைக்குள்ளேயே அடைப்புக்குறியில், சொன்னவர் பெயரும் தேதியும் இட்டுத் தரலாம். எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். பெயரைச் சொல்வது மரியாதையா, மறைப்பது மரியாதையா என்று நாங்கள் இருவரும் ஓர் இரவு முழுவதும் வாதிட்டோம். நான் சொல்ல வேண்டும் என்றேன். அவளையே கேட்பது என்று முடிவாயிற்று.

சம்மதக் கடிதத்தோடு மறுபடியும் மடுல்சீமைக்கு ஏறினான். கிழவி அவனுக்குத் தேநீர் கொடுத்தாள், கதையை இன்னும் விரிவாகச் சொன்னாள், கடதாசியைக் கண்டதும் கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். அவளுடைய அப்பன் ஒரு கடதாசியில் கைநாட்டு வைத்த பிறகுதான் அவளுடைய இரு தம்பிமாரும் கப்பலேற்றப்பட்டார்களாம்.

“எழுதிக்க, தம்பி. பேரு மட்டும் வேணாம்.”

பட்டியல் இப்போது பதினெட்டாகக் குறைந்திருக்கிறது, பதினெட்டையும் படித்துவிட்டான். கிழவியின் வாக்கியம் ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டு, எண் இடப்படாமல் நிற்கிறது.